அமுதவல்லி பேரில் ஒரு பழைய கார்டு கடன்

அமுதவல்லியிடம் நாற்றுக்கு விலை பேசி ஜெயித்தவர்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் யாரும் இல்லை. அவள் குரலை உயர்த்த மாட்டாள். விலையை ஒருமுறை சொல்வாள். பிறகு கிணற்றில் தண்ணீர் எப்படி, போன போகம் அந்த நிலத்தில் என்ன வைத்தீர்கள் என்று விசாரிப்பாள். எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க நெலத்துக்கு இந்த ரகம் வாணாங்க, வாடல் வந்துரும். அந்தப் பக்கம் இருக்கறத எடுத்துக்கங்க" என்பாள். அந்தப் பக்கம் இருப்பது விலை குறைந்ததாகக்கூட இருக்கும். அதற்கு மேல் பேரம் பேச யாருக்கும் வாய் வராது.

பாலக்கோடு போகிற சாலையோரம் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான இடம். பச்சை நிழல்வலை போர்த்திய ஒரு ஷெட்டு. உள்ளே வரிசையாகக் குழித்தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் தேங்காய்நார்த் தூளில் வேர்பிடித்து நிற்கும் தக்காளி, மிளகாய், கத்தரிக் கன்றுகள். இடம் அவள் பேரில். நாற்று விற்கும் உரிமம் அவள் பேரில். வாசலில் நிற்கும் தகரப் பலகையிலும் அவள் பேர்தான், 'அமுதவல்லி நாற்றுப் பண்ணை' என்று.

போன வருஷம் தக்காளிக்கு நல்ல விலை வந்ததும் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பவேண்டியதாகிவிட்டது. நாற்று இல்லை என்று சொல்வது அவளுக்குப் பிடிக்காத வேலை. இன்னொரு ஷெட்டு போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கையில் இருந்த சேமிப்பு பாதிக்கு வரும். மீதிக்குக் கடன் கேட்டு, தான் வரவு செலவு வைத்திருக்கும் வங்கிக்குப் போனாள்.

கிளை மேலாளர் நவநீதன் அவளை நன்றாக அறிந்தவர். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க கணக்கெல்லாம் பாத்தேங்க. இந்தக் கிளையில இவ்வளவு சுத்தமா நடக்கற கணக்கு கொஞ்சந்தான். ஆனா கடன் விவரம் காட்டற சிபில்ல ஒண்ணு நிக்குது."

"ஹோசூர் கார்டுங்களா?" என்றாள் அமுதவல்லி. அவர் சொல்லத் தயங்கியதை அவளே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

"ஆமாங்க. வராக்கடன்னு எழுதி வச்சிருக்காங்க. இது இருக்கற வரைக்கும் மேல ஒத்துக்க மாட்டாங்க."

"கட்டிட்டா போயிருங்களா?"

"அதுலயும் ரெண்டு விதம் இருக்குது. கொறைச்சுப் பேசி முடிச்சா 'செட்டில்டு'ன்னு விழும். அதப் பாத்தாலும் மேல மொகஞ்சுளிப்பாங்க. முழுசா முடிஞ்சு 'குளோஸ்டு'ன்னு வந்தா நான் தைரியமா எழுதுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு வழியும் இருக்குதுங்க. உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு குத்தமும் இல்ல. இடத்த அவர் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு, உரிமத்தையும் அவர் பேருக்கு மாத்திக்கிட்டீங்கன்னா சீக்கிரம் ஆயிரும்."

அமுதவல்லி டீயைக் குடித்து முடித்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஹோசூரில் அவள் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி. ஹெல்பராகச் சேர்ந்து, ஒரு லைனுக்கே பொறுப்பாளராக ஆனவள். கம்பெனி கேன்டீன் வாசலில் ஒருநாள் டை கட்டிய பையன்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பளச் சீட்டும் ஆதாரும் கொடுத்தவர்களுக்கெல்லாம் அடுத்த மாதம் கிரெடிட் கார்டு வந்தது. முதலில் அதில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தாள். ஒரு பட்டுச்சேலை எடுத்தாள். அதுவரைக்கும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அவள் கணவன் ஜெயபால், லோடு ஆட்டோ ஓட்டியது போதும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை போட்டான். கடைக்கு முதல் சரக்கு அவள் கார்டில்தான் வந்தது. பழைய நோட்டு செல்லாது என்று ஆன அந்த மாதங்களில் கடைக்கு ஆள் வரவில்லை. கடை மூடியது. சரக்குக்கு வாங்கிய கடன் மட்டும் மூடவில்லை.

மாதாமாதம் கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருக்கும். அதைக் கட்டிக்கொண்டே வந்தாள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், கட்ட ஆரம்பித்தபோது இருந்ததைவிடப் பாக்கி கூடியிருந்தது. அன்றைக்கு நிறுத்தினாள்.

அப்புறம் வசூலுக்கு ஆள் வந்தான். ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து, அவள் லைனில் வேலை பார்க்கும் பெண்களெல்லாம் கேட்டில் நிற்கும்போது வந்தான். "சம்பளம் வாங்கற, பட்டுப்பொடவ கட்டற, கடன் கட்டறதுக்கு மட்டும் வலிக்குதா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். அமுதவல்லி அழவில்லை. "உம் பேரு என்ன?" என்று கேட்டாள். அவன் சொல்லவில்லை. "பேரு சொல்ல முடியாதவன் கையில ஒரு ரூபா குடுக்க மாட்டேன், போ" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.   

அடுத்த வருஷம் கம்பெனி வேறு மாநிலத்துக்கு இடம் மாறியது. கணக்கு முடித்து பி.எஃப். பணம் வந்தது. கார்டு பாக்கியை அடைக்க அது போதும், இல்லையென்றால் நகையையும் சேர்த்துப் போட்டு ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கலாம், இரண்டுக்கும் வராது. ஜெயபால் பயந்திருந்தான். "கட்டித் தொலைச்சிரலாம் அமுதா, போலீசு கீலீசுன்னு வந்தா?" என்றான். அவள்தான் மறுத்தாள். கடனைக் கட்டினால் மறுநாள் காலையில் வாடகை வீட்டில், வேலை இல்லாமல், கடனும் இல்லாமல் எழுந்திருப்போம். நிலம் வாங்கினால் எழுந்து செய்ய ஒரு வேலை இருக்கும் என்றாள். நிலத்தை வாங்கினாள். அந்த முடிவுக்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை. கட்ட முடிந்தும் கட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைத் தனக்குத்தானே வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

வங்கியிலிருந்து வந்த மறுநாள் காலை, ஷெட்டுக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவளிடம் ஜெயபால் பேச்செடுத்தான். அவன்தான் இப்போது நாற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடத்தூர் வரைக்கும் போய் இறக்குகிறவன். நல்ல மனுஷன். நாற்று முறியாமல் வண்டி ஓட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

"மேனேஜர் சொன்னது சரிதான? எம் பேருக்கு மாத்திட்டா முடிஞ்சுது. வூட்டுக்குள்ள இருக்கறதுதான, பேர்ல என்னா இருக்குது?"

"போர்டையும் மாத்தணுமே."

"ஜெயபால் நாற்றுப் பண்ணைன்னு எழுதினா நாத்து மொளைக்காதா?" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். ஆனால் கையில் இருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏங்க, கடனும் எம் பேர்ல இருக்குது, நெலமும் எம் பேர்ல இருக்குது. அந்தக் கடனுக்குப் பயந்துக்கிட்டு நெலத்தக் கைமாத்தினா, அந்த கேட்டுல நின்னவன் சொன்னது நெசமாயிருதில்ல."

"நான் எடுத்துக்கவா போறேன்?"

"எடுத்துக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா பயந்து எழுதிக் குடுத்தவளா ஆயிருவேன். எனக்கு அது ஒத்து வராது."

 ஜெயபாலுக்குக் கோபம் வரவில்லை. தட்டுகளை வண்டிக்கு எடுத்துப் போனான். போகும்போது, "அப்ப கட்டப் போறியா?" என்றான்.

"கட்டணுமான்னு மொதல்ல பாக்கறேன்."

பாலக்கோட்டில் வக்கீல் மாதேஸ்வரனிடம் போனாள். கடைசியாக எப்போது கட்டினீர்கள், அதற்குப் பிறகு ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்பன்னா காலம் கடந்து போச்சுங்க. கேஸ் போட்டு வசூல் பண்ண முடியாது. நீங்க நிம்மதியா இருக்கலாம். ஒண்ணே ஒண்ணு, கட்டறேன்னு எழுத்துல மட்டும் குடுத்துராதீங்க. குடுத்தா செத்தது எழுந்து ஒக்காந்துக்கும்."

"கேஸ் போட முடியாதுங்கறது உறுதிங்களா சார்?"

"நீங்க சொன்னதெல்லாம் சரியா இருந்தா உறுதி."

"அது போதுங்க. அத வச்சிக்கிட்டுத்தான் பேசப்போறேன்."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாரும் தப்பிக்கறதுக்கு எங்கிட்ட கேப்பாங்க. நீங்க கட்டறதுக்குக் கேக்கறீங்களா?"

"கட்டறதா இருந்தா நான் சொல்ற வெலைக்குக் கட்டணுமில்லைங்க."

கார்டு கொடுத்த வங்கிக்கு போன் செய்தபோது, அந்தக் கடனை எப்போதோ வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். விற்றவர்களுக்கு அவள் முகம் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. அந்தக் கம்பெனியின் சென்னை ஆபீசில் பிரியதர்ஷினி என்ற பெண் எடுத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். வட்டியும் அபராதமுமாகச் சேர்ந்து நாலு லட்சத்துக்கு மேல் காட்டுவதாகவும், இன்று சாயங்காலத்துக்குள் கட்டினால் எழுபத்தைந்தாயிரத்தில் முடித்துத் தருவதாகவும், போனுக்கு ஒரு லிங்க் அனுப்புவதாகவும் சொன்னாள்.

"நாத்து வாங்க வர்றவங்ககிட்ட நானும் அப்படிச் சொல்லலாம்மா, சாயங்காலம் வரைக்குந்தான் இந்த வெலன்னு. நான் சொல்றதில்ல. நீயும் சொல்லாத," என்றாள் அமுதவல்லி. "லிங்க்கெல்லாம் வாணாம். ஹோசூர்ல என் கம்பெனி கேட்டுக்கு ஒருத்தன அனுப்பினீங்களே, அவன் இப்ப எங்க இருக்கறான்?"

"மேடம், அது பேங்க் வச்சிருந்த ஏஜென்சிங்க. அவங்க இப்ப இல்ல. நாங்க வேற."

"உங்ககிட்ட நான் எதுவும் வாங்கலியே."

"நாங்க அந்தக் கடன வாங்கியிருக்கோம் மேடம்."

"எவ்வளவுக்கு?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. ஆனா காஞ்ச நாத்த யாரும் முழு வெல குடுத்து வாங்க மாட்டாங்க."

அந்தப் பக்கம் பிரியதர்ஷினி சிரித்துவிட்டாள். சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்ததற்கு உடனே "சாரி மேடம்" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் அமுதவல்லி சாப்பிட்ட பிறகு தட்டுகளுக்கு நடுவே போய் நின்றாள். களை இருந்தால் பிடுங்குவதற்கு. களை இல்லை. சும்மாதான் நின்றாள். கட்டாவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. குறைத்துக் கட்டினால் கறை நிற்கும், ஷெட்டு வராது. இவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அந்தக் கண்ணால்தான் இன்றைக்கும் டிவி பார்க்கிறாள். பட்டுச்சேலையைப் போன தையில்கூடக் கட்டினாள். வாங்கியது வாங்கியதுதான். அதற்குக் காசு கொடுப்பதில் அவளுக்கு மறுப்பு எப்போதுமே இருந்ததில்லை. கட்டுவதை நிறுத்திய பிறகு அதன்மேல் பூஞ்சை பிடித்த மாதிரி ஏறிக்கொண்டே போன வட்டியைத்தான் அவள் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டில் நின்றவனிடம் சொன்ன சொல்லும் ஞாபகம் வந்தது. அவன் கைக்கு ஒரு ரூபாய் போகவில்லை. அந்தச் சொல்லைக் காப்பாற்றியாயிற்று. இனி அது அவளைக் கட்டுப்படுத்தாது.

யோசனை அதோடு முடிந்தது. வெளியே வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வேலை செய்துகொண்டிருந்த சின்னம்மாள், "என்னா அக்கா, பாட்டு கீட்டு பாடறீங்க?" என்று கேட்டாள். பாடியது அமுதவல்லிக்கே தெரியாது.

மறுநாள் பிரியதர்ஷினியை அழைத்தாள். "நான் கட்டறத நிறுத்தின மாசம் என்ன பாக்கி இருந்துச்சோ, அத மட்டும் பேசலாம். ஒண்ணேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல, கீழயும் இல்ல. மொதல்ல நீங்க எழுதி அனுப்பணும். இவ்வளவு வந்தா பாக்கி எதுவும் இல்ல, 'குளோஸ்டு'ன்னு போடுவோம்னு. 'செட்டில்டு'ன்னு போட்டா பேச்சே இல்ல. பணம் என் பேங்க்லருந்து உங்க கம்பெனி கணக்குக்கு நேரா வரும்."

"மேடம், நாங்க எழுபத்தஞ்சுக்கே முடிச்சுத் தர்றோம்னு சொல்றோம்..."

"அது கறையோட. எனக்குக் கறை இல்லாம வேணும். மேல கேட்டுச் சொல்லு."

இதைக் கேட்டு ஜெயபாலுக்குத் தலை சுற்றியது. "கொறைச்சு வாங்கிக்கறேன்னு அவனே சொல்றான். நீ ஜாஸ்தி குடுக்கறேன்னு நிக்கறியே" என்றான்.

"ஜாஸ்தி இல்லைங்க. நிறுத்தினப்ப நின்ன பாக்கி அவ்வளவுதான்."

மேலே கேட்டதில் முடியாது என்றார்கள். அமுதவல்லி சரி என்று போனை வைத்துவிட்டு மிளகாய் விதை போடப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து அவர்களே அழைத்து அறுபதுக்கு இறங்கினார்கள், கறையோடு. வேண்டாம் என்றாள். இடையில் மாதேஸ்வரன், கட்டுவதாக ஒரு வார்த்தையும் வராமல், கணக்கு விவரம் கேட்டு அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டுக் கொடுத்தார். அந்த நாட்களில் அவள் முழுத் தெம்போடு இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் ஷெட்டுக்கு வேண்டிய இரும்புக் குழாய் விலை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டதும், பிடிவாதத்தில் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறோமோ என்று ஒரு கலக்கம் வந்தது. ஜெயபாலிடம் சொன்னாள். "நீ பேசறத இத்தன வருஷமா பாக்கறேன். நாலு நாள் பொறு" என்றான் அவன். அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மாசி பிறந்த பிறகு பிரியதர்ஷினி அழைத்தாள். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, தனக்கே ஏதோ கிடைத்த மாதிரி. "மேடம், ஒத்துக்கிட்டாங்க. நீங்க சொன்ன தொகை. குளோஸ்டுன்னே போடறோம். லெட்டர் அனுப்பறேன்."

கடிதத்தை வக்கீலும் நவநீதனும் வரிவரியாகப் படித்தார்கள். கம்பெனி உண்மையானதுதானா என்று நவநீதன் விசாரித்தார். பிறகுதான் ஷெட்டுக்கு என்று வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்து அனுப்பினாள். அனுப்பிய ரசீது வந்ததும் மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பசித்தது. ஜெயபாலோடு போய் பிரியாணி சாப்பிட்டாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் சிபிலில் பழையபடியே இருந்தது. இரண்டு முறை போன் செய்தாள், ஒருமுறை எழுதினாள். அப்புறம் மாறியது. நவநீதன் போன் செய்து, "குளோஸ்டுன்னு வந்துருச்சுங்க. பழைய தாமதமெல்லாம் இன்னும் தெரியத்தான் செய்யும். ஆனா நான் குறிப்பு எழுதி அனுப்பறேன்" என்றார். மேலிடம் கேட்டதில் முக்கால் பங்குக்குத்தான் ஒத்துக்கொண்டது. அதுவே போதும், ஷெட்டைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டுக்கொள்ளலாம் என்றாள் அமுதவல்லி.

கையெழுத்துப் போடப் போன அன்று வங்கியில் கூட்டம். காகிதங்களை நவநீதன் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுப் போட்டாள். வட்டி எவ்வளவு, தவணை தப்பினால் அபராதம் எவ்வளவு என்று இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. கடைசிக் காகிதத்தை நவநீதன் ஜெயபால் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க ஜாமீன் கையெழுத்துப் போடணுங்க."

"ஜாமீன்னா, இவ கட்டலன்னா நான் கட்டணுமா சார்?"

"ஆமாங்க."

ஜெயபால் மனைவியைப் பார்த்தான். பேனாவை வாங்கிக்கொண்டான். "கட்டுவா சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் அமுதவல்லி சின்னம்மாளுக்கு போன் செய்து, வடக்குப் பக்கம் இருக்கும் முருங்கையை வெட்டி இடத்தைச் சமன் செய்ய நாளைக்கே ஆள் சொல்லி வைக்கச் சொன்னாள். ஜெயபால் வண்டியை எடுத்தான். பாலக்கோட்டில் இரும்புக் குழாய்க் கடை மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டும்.